சர்க்கரை இறங்கியது நல்ல செய்தியா?

வீட்டில் ஒருவருக்குப் பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரை வியாதி. தினமும் இன்சுலின் ஊசி. எத்தனை ஊசி போட்டாலும் சர்க்கரை 250-க்குக் கீழே வந்தது கிடையாது.

திடீரென்று ஒரு மாதமாக மாற்றம்! 140 என்கிறது கருவி. அடுத்த வாரம் 110. அதற்கு அடுத்த வாரம் 80.

வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. "ஆவாரம்பூக் கஷாயம் கேட்டுவிட்டது" என்கிறார் மாமியார். "நான் வேண்டிக்கொண்டது வீண் போகவில்லை" என்கிறார் மனைவி. "அப்பா இனிமேல் ஒரு ஜிலேபி சாப்பிடலாம்" என்கிறான் மகன்.

மகிழ்ச்சி கொண்டாடும் முன் அந்த வீட்டார் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அவருடைய கிட்னி எப்படி இருக்கிறது?

பல வீடுகளில் சர்க்கரை இப்படித் தானாக இறங்குவதற்குக் காரணம் கஷாயம் அல்ல. கிட்னி என்று எல்லோரும் சொல்லும் சிறுநீரகம் கெட்டுப்போனதுதான் காரணம். நோய் குணமாகவில்லை. நோய் முற்றியிருக்கிறது!

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. 1951-ம் ஆண்டிலேயே அமெரிக்காவில் சுப்ராட் என்ற டாக்டரும் அவருடைய தோழர்களும் இதை எழுதினார்கள். கிட்னி கெட்ட சர்க்கரை நோயாளிகளுக்கு இன்சுலின் தேவை குறைந்துகொண்டே வருவதை அவர்கள் கவனித்தார்கள். அதிலிருந்து எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. டாக்டர்களுக்கு எல்லாம் தெரிந்த இந்தச் சங்கதி, ஊசி போட்டுக்கொள்ளும் நோயாளிக்கும் அவருக்குச் சோறு போடும் குடும்பத்துக்கும் இன்னும் சரியாகப் போய்ச் சேரவில்லை. கிட்னி கெட்ட பிறகும், டயாலிசிஸ் தொடங்கிய பிறகும், பழைய சீட்டில் இருக்கும் பழைய அளவிலேயே இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். இந்தப் பழக்கம் உயிருக்கே ஆபத்து. இதை நிறுத்தியாக வேண்டும்.

இன்சுலின் எங்கே போகிறது?

சாப்பிட்ட சோறு சர்க்கரையாக மாறி ரத்தத்தில் கலக்கிறது. அந்தச் சர்க்கரை உடம்பின் தசைகளுக்குள் போக ஒரு சாவி வேண்டும். அந்தச் சாவிதான் இன்சுலின். வயிற்றின் பின்பக்கம் இருக்கும் கணையம் என்ற உறுப்பு அதைத் தயாரிக்கிறது. கணையம் தயாரிப்பது போதாதபோது ஊசி மூலம் ஏற்றுகிறோம்.

கனடா நாட்டில் டொரண்டோ நகரில் 1921-ல் பாண்டிங், பெஸ்ட் என்ற இருவர் இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். 1922 ஜனவரியில் லெனார்டு தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. சாகக் கிடந்த பையன் பிழைத்தான். கண்டுபிடித்தவர்கள் அதன் உரிமையை ஆளுக்கு ஒரு டாலர் வாங்கிக்கொண்டு பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். (இன்று ஒரு பேனா ஊசியின் விலையைப் பார்ப்பவர்களுக்கு இதை நம்புவது கடினம்!)

சரி, உடம்பில் ஏறிய இன்சுலின் வேலை முடிந்ததும் எங்கே போகிறது? அதை யார் அப்புறப்படுத்துகிறார்கள்?

இங்கேதான் விஷயம் இருக்கிறது. கணையம் தானாகச் சுரக்கும் இன்சுலின் முதலில் ஈரலுக்குப் போகும். அதில் ஏறக்குறையப் பாதியை ஈரலே அழித்துவிடும். ஊசியில் ஏற்றும் இன்சுலின் அந்த வழியாகப் போவதில்லை. தோலுக்கு அடியிலிருந்து நேராக ரத்தத்தில் கலக்கிறது. அதை அழிப்பதில் பெரும் பங்கு கிட்னிக்கு.

கிட்னி கெட்டுவிட்டால்? அழிப்பதற்கு ஆள் இல்லை. போட்ட இன்சுலின் ரத்தத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. நாலு மணி நேரத்தில் ஓய வேண்டியது ஆறு, ஏழு மணி நேரமானாலும் சர்க்கரையைக் குறைத்துக்கொண்டே இருக்கும்.

அது மட்டும் அல்ல. பட்டினியாக இருக்கும்போது உடம்புக்கு வேண்டிய சர்க்கரையில் ஒரு பகுதியைத் தயாரித்துக் கொடுப்பதும் கிட்னிதான். அந்த உதவியும் நின்றுபோகிறது. இதோடு கிட்னி நோயாளிக்குப் பசி எடுக்காது. வாய் கசக்கும், குமட்டும். இரண்டு இட்லி சாப்பிட்டவர் அரை இட்லியோடு எழுந்துவிடுவார்.

இன்சுலின் கரையவில்லை, உடம்பு சர்க்கரை கொடுக்கவில்லை, சாப்பாடும் இறங்கவில்லை. ஊசியின் அளவு மட்டும் பழைய அளவு! சர்க்கரை 60, 50, 40 என்று சரிந்தால் ஆச்சரியம் என்ன?

பாதி போதும் என்று கண்டார்கள்

எவ்வளவு குறைக்க வேண்டும்? அதை டாக்டர்தான் ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனியே சொல்ல வேண்டும். ஆனாலும் பொதுவான கணக்கு ஒன்று மருத்துவ நூல்களில் இருக்கிறது.

நல்ல கிட்னி நிமிடத்துக்குச் சுமார் 100 மில்லி அளவு ரத்தத்தைச் சுத்தம் செய்யும். அது 50-க்குக் கீழே இறங்கினால் இன்சுலினில் கால் பங்கைக் குறைப்பார்கள். 10-க்குக் கீழே போனால் பாதியைக் குறைப்பார்கள். டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களில் பலர் இந்தக் கடைசி நிலையில் இருப்பவர்கள்.

2012-ம் ஆண்டில் அமெரிக்க டாக்டர்கள் ஒரு பரீட்சை செய்து வெளியிட்டார்கள். ஆஸ்பத்திரியில் சேர்ந்த, கிட்னி பழுதான சர்க்கரை நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான அளவு இன்சுலின். மற்றொரு பிரிவுக்கு அதில் சரிபாதி. முடிவு என்ன? சர்க்கரைக் கட்டுப்பாடு இரண்டு பிரிவிலும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருந்தது. ஆனால் முழு அளவு போட்டவர்களில் 100-க்கு 30 பேருக்குச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கியது. பாதி அளவு போட்டவர்களில் 100-க்கு 16 பேருக்கு மட்டுமே அப்படி ஆனது.

பாதி மருந்தில் அதே பலன். ஆபத்தும் பாதி. இதைவிடத் தெளிவாக என்ன சொல்ல வேண்டும்?

வேகமாக வரும், மெதுவாகப் போகும்!

இன்சுலினில் பல ரகம் உண்டு. சாப்பாட்டு நேரத்தில் போடும் பழைய ரகத்துக்கு 'ரெகுலர்' என்று பெயர். சாப்பாட்டுக்கு அரை மணி முன்பாகப் போட வேண்டும். ஆறு முதல் எட்டு மணி நேரம் நிற்கும்.

1996-ல் லிஸ்ப்ரோ என்ற அதிவேக இன்சுலின் வந்தது. பிறகு ஆஸ்பார்ட், குளூலிசின் என்று மேலும் இரண்டு வந்தன. இவை 10, 15 நிமிடத்தில் வேலையைத் தொடங்கும். ஒரு மணி நேரம் சுமாரில் உச்சத்துக்குப் போகும். மூன்று முதல் ஐந்து மணிக்குள் ஓய்ந்துவிடும். இது கிட்னி நன்றாக இருப்பவர்களுக்குச் சொல்லும் கணக்கு.

டயாலிசிஸ் நோயாளிக்கு இந்தக் கணக்கில் முன்பாதிதான் சரி. பின்பாதி சரியில்லை. ஊசி போட்டதும் வேகமாக வேலை தொடங்குகிறது. ஆனால் சொன்ன நேரத்தில் ஓயாமல், வால் நீண்டுகொண்டே போகிறது.

பெயரில் 'அதிவேகம்' என்று இருப்பதால் ஏமாறுகிறவர்கள் உண்டு. காலை 8 மணிக்கு ஊசி. 11 மணிக்குப் பார்த்தால் சர்க்கரை 230. "காலையில் போட்டது கரைந்திருக்கும், இன்னும் நாலு யூனிட் போடு" என்கிறார்கள். காலையில் போட்டது கரையவில்லை! பழைய ஊசி உள்ளே இருக்கும்போதே அதன் தலைமேல் புதிய ஊசி ஏறுகிறது. மதியம் இரண்டு மணிக்கு இரண்டும் சேர்ந்து ஆளைக் கீழே தள்ளுகின்றன.

இன்னொரு தொல்லையும் உண்டு. நீண்ட காலச் சர்க்கரை நோயில் இரைப்பையின் நரம்புகள் கெட்டுப்போகும். சாப்பிட்ட சோறு மெதுவாகத்தான் கீழே இறங்கும். ஊசி 15 நிமிடத்தில் வேலை தொடங்கிவிடும். சோறு இன்னும் இரைப்பையிலேயே கிடக்கும். அந்த இடைவெளியில் சர்க்கரை சரியும். இதனால்தான் இப்படிப்பட்டவர்களைச் சாப்பிட்டு முடித்த பிறகு, எவ்வளவு சாப்பிட்டார்கள் என்று பார்த்து, அதற்குத் தக்கபடி அதிவேக ஊசியைப் போட்டுக்கொள்ளச் சில டாக்டர்கள் சொல்கிறார்கள். அது உங்கள் வீட்டு நோயாளிக்குப் பொருந்துமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இவ்வளவும் சொன்னதால் அதிவேக இன்சுலின் கெட்டது என்று அர்த்தம் அல்ல. ரெகுலர் இன்சுலின் கிட்னி கெட்டவரின் உடம்பில் அதைவிட நீண்ட நேரம் தங்கும். இரண்டில் அதிவேக ரகமே மேல். எந்த வேளை சாப்பிடுகிறாரோ அந்த வேளைக்கு மட்டும் போட்டுக்கொள்ளலாம். சாப்பிடாத வேளைக்கு விட்டுவிடலாம் என்ற வசதி அதில் இருக்கிறது.

இயந்திரத்தில் நடப்பது

டயாலிசிஸ் இயந்திரத்தை முதலில் செய்தவர் ஹாலந்து நாட்டு டாக்டர் கோல்ஃப். 1943-ல், யுத்த காலத்தில், தட்டுப்பாட்டுக்கு இடையே, மாமிசம் அடைத்து விற்கும் செலஃபோன் குழாயை வாங்கி உருளையில் சுற்றி அந்த இயந்திரத்தைச் செய்தார். 1945-ல்தான் அதில் முதல் நோயாளி பிழைத்தார். நம் நாட்டில் டயாலிசிஸ் முதலில் நடந்த இடங்களில் ஒன்று வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி. 1971-ல் நாட்டின் முதல் வெற்றிகரமான கிட்னி மாற்று ஆபரேஷன் நடந்ததும் அங்கேதான்.

இப்போது இயந்திரம் பெரிய ஊர்களை விட்டுச் சிறு நகரங்களுக்கும் வந்துவிட்டது. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் செய்கிறார்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் செலவும் கிடைக்கிறது. இது பெரிய காரியம். மறுப்பதற்கு இல்லை.

வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் சுமார் நாலு மணி நேரம் ரத்தம் இயந்திரத்தின் வடிகட்டி வழியாக ஓடுகிறது. வடிகட்டிக்கு மறுபுறம் ஒரு திரவம் ஓடுகிறது. அந்தத் திரவத்தில் சர்க்கரை சேர்த்திருந்தால் கவலை குறைவு. சேர்க்காத திரவமாக இருந்தால் ரத்தத்தில் உள்ள சர்க்கரை வடிகட்டி வழியாக வெளியே கசியும். காலையில் ஊசியும் போட்டு, சாப்பிடாமலும் போனவருக்கு இயந்திரத்தில் இருக்கும்போதே சர்க்கரை இறங்கிவிடும்.

அங்கே ஒரு குழப்பம் வருகிறது. டயாலிசிஸ் நடக்கும்போது ரத்த அழுத்தம் குறைவதும் உண்டு. அப்போதும் வியர்க்கும், தலை சுற்றும், கண் இருட்டும். சர்க்கரை இறங்கினாலும் இதே குறிகள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தால்தான் எது என்று தெரியும். ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் சில மாத்திரைகள் படபடப்பையும் கைநடுக்கத்தையும் மறைத்துவிடும் என்பது இன்னொரு சிக்கல்.

வடிகட்டியில் சிறிது இன்சுலின் ஒட்டிக்கொண்டு வீணாவதும் உண்டு. எனவே டயாலிசிஸ் முடிந்து சில மணி நேரம் கழித்து, சாப்பிட்ட பிறகு, சர்க்கரை ஏறுவதும் உண்டு. அதைப் பார்த்துவிட்டு இரவில் கூடுதல் ஊசி போட்டால் நடுச்சாமத்தில் ஆபத்து. டயாலிசிஸ் நாளும் மற்ற நாளும் ஒன்றல்ல. இரண்டுக்கும் தனித்தனி அளவு வேண்டுமா என்பதை டாக்டரிடம் கேட்டே ஆக வேண்டும்.

வீட்டிலேயே வயிற்றில் திரவம் ஏற்றிச் செய்யும் டயாலிசிஸ் ஒன்று உண்டு. அதில் கதை தலைகீழ். அந்தத் திரவத்தில் நிறையச் சர்க்கரை இருக்கும். அது உடம்பில் ஏறும். அவர்களுக்கு இன்சுலின் கூடுதலாகத் தேவைப்படலாம். எதிர்வீட்டுக்காரர் அளவைக் கேட்டு நம் வீட்டில் ஊசி போடக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தம்மம்பட்டியிலிருந்து ஒரு பயணம்

ஒரு கற்பனைக்கு வைத்துக்கொள்ளுங்கள். தம்மம்பட்டியில் வாகை மரத்தில் சிற்பம் செதுக்கும் 58 வயதுப் பெரியவர். சர்க்கரை வியாதி முற்றிக் கிட்னி கெட்டுவிட்டது. வாரத்தில் இரண்டு நாள் சேலத்துக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்கிறார்.

விடியற்காலையில் எழுந்திருக்கிறார். "ஏங்க, ஊசி போட்டாச்சா?" என்று சமையல் அறையில் இருந்து மனைவி கேட்கிறார். "போட்டாச்சு, போட்டாச்சு" என்கிறார் பெரியவர். இட்லி வேக இன்னும் பத்து நிமிடம் ஆகும். அதற்குள் பஸ் வந்துவிடும். "ஆத்தூரில் இறங்கிச் சாப்பிட்டுக்கொள்கிறேன்" என்று கிளம்பிவிடுகிறார்.

ஆத்தூரில் இறங்கியபோது சேலம் பஸ் புறப்படத் தயாராக நிற்கிறது. அதையும் விட்டால் இயந்திரத்தில் அவருடைய முறை போய்விடும். ஏறி உட்கார்ந்துவிடுகிறார். வாழப்பாடி வரும்போது சட்டை நனைந்திருக்கிறது. பக்கத்தில் இருப்பவர் ஏதோ கேட்கிறார். இவர் ஏதோ பதில் சொல்கிறார். "காலையிலேயே தண்ணி போட்டுவிட்டு வந்திருக்கிறான்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார் அவர்!

பெரியவர் குடிக்கவில்லை. அவருடைய மூளைக்குச் சர்க்கரை போகவில்லை.

இங்கே தவறு எங்கே நடந்தது? ஊசி போட்டது தவறு அல்ல. சாப்பாட்டுத் தட்டு முன்னால் வருவதற்கு முன்பே போட்டதுதான் தவறு. அதிவேக இன்சுலினுக்கு ஒரே ஒரு சட்டம்தான்: தட்டு முன்னால், ஊசி பின்னால். பெரியவர் மீது மட்டும் பழி போடவும் முடியாது. பஸ் நேரம், இயந்திரத்தின் முறை, சாப்பாடு, ஊசி ஆகிய நான்கையும் சேர்த்து வைத்து யாராவது அவருக்குச் சொல்லிக் கொடுத்தார்களா?

இளநீர் வேண்டாம்!

இனி வாசகர்கள் மிகவும் கவனித்துப் படிக்க வேண்டிய பகுதி.

சர்க்கரை இறங்கி ஒருவர் தள்ளாடினால் நம் ஊரில் உடனே என்ன செய்வார்கள்? தோப்புக்கு ஓடி ஓர் இளநீரைச் சீவிக் கொண்டுவருவார்கள். டவுனாக இருந்தால் ஆரஞ்சுச் சாறு, சாத்துக்குடிச் சாறு. கிட்னி நன்றாக உள்ளவருக்கு இது சரி. டயாலிசிஸ் நோயாளிக்கு இது இரண்டாவது ஆபத்து!

இளநீரிலும் பழச்சாற்றிலும் பொட்டாசியம் என்ற உப்பு நிறைய இருக்கிறது. கெட்டுப்போன கிட்னியால் அதை வெளியேற்ற முடியாது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். நின்றும் போகலாம். வாழைப்பழத்துக்கும் இதே கதைதான். வெல்லத்திலும் பொட்டாசியம் உண்டு.

அப்படியானால் எதைக் கொடுப்பது? வெள்ளைச் சர்க்கரை! மற்ற நாளில் வைத்தியர்கள் திட்டும் அதே வெள்ளைச் சர்க்கரைதான் இந்த நேரத்தில் மருந்து. அதில் பொட்டாசியம் இல்லை. மூன்று தேக்கரண்டி, அதாவது சுமார் 15 கிராம், கொஞ்சம் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கலாம். குளுக்கோஸ் தூளும் ஆகும். டயாலிசிஸ் நோயாளிக்குத் தண்ணீர் அளவும் கட்டுப்பாடு என்பதால் டம்ளர் நிறையக் கரைக்க வேண்டாம். கால் டம்ளர் போதும்.

15 நிமிடம் கழித்து மறுபடி பரிசோதிக்க வேண்டும். 70-க்குக் கீழே இருந்தால் மறுபடி அதே அளவு. ஏறிவிட்டால் உடனே பிஸ்கட்டோ இட்லியோ கொடுக்க வேண்டும். அதோடு விட்டுவிட்டு வேலைக்குப் போய்விடக் கூடாது. கரையாத இன்சுலின் உள்ளே இருக்கிறது அல்லவா? ஒரு மணி, இரண்டு மணி நேரம் கழித்து மீண்டும் இறங்கும். பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும்.

நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். மூச்சுக்குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-க்குப் போன் செய்யுங்கள். வலிப்பு என்று நினைத்து இரும்புச் சாவியைக் கையில் திணிப்பது போன்ற காரியங்களில் ஒரு நிமிடமும் வீணாக்க வேண்டாம்.

சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி

இன்சுலின் குப்பியில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ளதும் விற்கிறது, 100 யூனிட் உள்ளதும் விற்கிறது. 40-க்கு உரிய ஊசிக்குழாயின் மூடி சிவப்பு. 100-க்கு உரியதன் மூடி ஆரஞ்சு. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி ஊசியில் எடுத்துவிட்டால், 10 யூனிட் என்று நினைத்துப் போடுவது உண்மையில் 25 யூனிட்! கிட்னி உள்ளவரையே படுக்க வைத்துவிடும் அளவு இது. கடையில் குப்பியையும் ஊசியையும் ஒன்றாக வாங்குங்கள். எண்ணைக் காட்டிக் கேட்டு வாங்குங்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்கூட 40, 100 என்ற எண்களைப் படித்துவிடலாம்.

இன்னொன்று. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஏ1சி பரிசோதனையை மட்டும் நம்பி டயாலிசிஸ் நோயாளிக்கு முடிவு கட்ட முடியாது. அவர்களுடைய ரத்த அணுக்கள் சீக்கிரம் சாகின்றன. ரத்தம் ஊற ஊசியும் போடுகிறார்கள். அதனால் சராசரி உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். விரல் நுனிச் சொட்டுத்தான் நம்பத்தக்க சாட்சி.

நிறுத்திவிடலாமா?

இதைப் படித்துவிட்டு யாரும் இன்சுலினைத் தாங்களாக நிறுத்திவிடக் கூடாது. "மக்களிடம் குறைக்கச் சொன்னால் அடியோடு விட்டுவிடுவார்கள்" என்று பயந்துதான் சிலர் இதைப் பேசவே தயங்குகிறார்கள். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. இன்சுலினை நிறுத்தினால் சர்க்கரை ஏறும், தாகம் எடுக்கும். தண்ணீர் குடிப்பார். குடித்த தண்ணீர் வெளியேற வழி இல்லை. மூச்சுத் திணறும். பொட்டாசியமும் ஏறும். சிறு வயதிலேயே சர்க்கரை வியாதி வந்தவர்களுக்கு ஒரு நாள் நிறுத்தினாலும் உயிர் ஆபத்து.

ஆனால் பயந்து பேசாமல் இருப்பது சரியான வழி ஆகாது. வேண்டியது சரியான அளவு. டயாலிசிஸ் நோயாளிக்குச் சர்க்கரையை மிகவும் இறுக்கிப் பிடிக்க வேண்டாம். சற்று ஏறி இருந்தாலும் பாதகம் இல்லை, இறங்கக் கூடாது என்பதே இன்று டாக்டர்கள் பலரின் கருத்து. 90 வந்தால்தான் பெருமை என்று பிடிவாதம் பிடிக்கும் வீட்டாருக்கு இதை எடுத்துச் சொல்ல வேண்டும்.

யார் பொறுப்பு?

நம் நாட்டில் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை வியாதி இருப்பதாக 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு சொல்கிறது. கிட்னி கெட்டு டயாலிசிஸுக்கு வருவதற்கு முதல் காரணம் இந்த வியாதிதான். ஆகவே இது நாலைந்து பேர் பிரச்சினை அல்ல.

நடப்பது என்ன? சர்க்கரைக்கு ஒரு டாக்டர், கிட்னிக்கு ஒரு டாக்டர். சர்க்கரை டாக்டர் உள்ளூரில். கிட்னி டாக்டர் சேலத்தில். அவர் சீட்டு இவர் கைக்கு வருவதில்லை. கிட்னி டாக்டர், "சர்க்கரைக்குப் பார்ப்பவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்" என்பார். சர்க்கரைக்குப் பார்ப்பவரோ நோயாளியை ஆறு மாதமாகப் பார்த்திருக்க மாட்டார். நடுவில் அந்தப் பழைய சீட்டு, மடித்து மடித்துக் கிழிந்துபோய், சட்டைப் பையில் இருக்கும். எந்த டாக்டரையும் குறை சொல்வதற்காக இது சொல்லப்படவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை பேரைப் பார்க்கிறார்கள் என்பதை வெளியே வரிசையில் நின்றவர்கள் அறிவார்கள். ஆனால் ஒரு காரியத்தைக் கட்டாயம் ஆக்கலாம்.

டயாலிசிஸ் தொடங்கும் அன்றே, அதே ஆஸ்பத்திரியில், அந்த நோயாளியின் இன்சுலின் அளவைத் திருத்தி எழுதித் தர வேண்டும். பழைய சீட்டை வாங்கிக் குறுக்கே கோடு போட வேண்டும். புதிய சீட்டு தமிழில் இருக்க வேண்டும். டயாலிசிஸ் உள்ள நாளில் எவ்வளவு, இல்லாத நாளில் எவ்வளவு, சாப்பிடாவிட்டால் என்ன செய்வது, எந்த எண்ணுக்குப் போன் செய்வது என்ற நான்கு விவரம் போதும். இயந்திரத்தில் ஏற்றும் முன்பும், வீட்டுக்கு அனுப்பும் முன்பும் விரல் நுனிச் சர்க்கரை பார்த்து எழுத வேண்டும். நாலு மணி நேரம் இயந்திரம் ஓட்டுகிற இடத்தில் இதற்கு இரண்டு நிமிடம் ஆகும்.

ஊரிலும் ஒரு வசதி செய்யலாம். 2021 ஆகஸ்டு 5-ந் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கப்பட்டது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் திட்டம். வயிற்று டயாலிசிஸ் திரவப் பைகளும் அதில் உண்டு. இதற்காக வீடு வீடாகப் போகும் பெண்களுக்கு, டயாலிசிஸ் நோயாளி இருக்கும் வீட்டில் ஒரே ஒரு கேள்வி கேட்கக் கற்றுக்கொடுத்தால் போதும்: "அம்மா, இந்த ஊசி அளவு எந்தத் தேதியில் எழுதியது?" டயாலிசிஸ் தொடங்குவதற்கு முந்திய தேதியாக இருந்தால், அன்றே ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கு ஒரு தகவல்.

வீட்டில் இருப்பவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டியது இல்லை. சீட்டை இன்றைக்கே எடுத்துத் தேதியைப் பார்க்கலாம். டயாலிசிஸுக்குக் கிளம்புகிறவர் பையில் இட்லிப் பொட்டலம் ஒன்று, சர்க்கரைப் பரிசோதனைக் கருவி ஒன்று, காகிதத்தில் மடித்த மூன்று தேக்கரண்டி வெள்ளைச் சர்க்கரை. ஊசி பையிலேயே இருக்கட்டும்; ஆத்தூர் பஸ் நிலையத்தில் பொட்டலத்தைப் பிரித்த பிறகு டாக்டர் சொன்ன அளவைப் போட்டுக்கொள்ளலாம்.